புகைறா கற்பித்தாரா?

சீறாப்புராணம் பயின்றோர் புகைறா என்னும் துறவியை அறிவர். உமறுப் புலவர் விலாதத்துக் காண்டத்தில் 'புகைறா கண்ட படலம்' என்று ஒரு படலமே அவருக்காக வகுத்துள்ளார். அரபு நூல்களில் பஹீரா என வழங்கும் இவர், ஷாம் நாட்டுப் புஸ்றா நகரில் வாழ்ந்த கிறித்தவத் துறவி. வணிகக் கூட்டத்தோடு வந்த சிறுவர் முகம்மதைக் கண்டு, இவரே வரவிருக்கும் நபி என்று உணர்ந்தார் என்பது கதை. இசுலாமிய மக்கள் உவந்து போற்றிய இக்கதையே பிற்காலத்தில் அவர்கள் மீது எய்யப்பட்ட அம்பாகவும் ஆயிற்று. குர்ஆனின் வரலாறுகள் கிறித்தவரிடமிருந்து பெற்றவை என்று வாதிட்டோர் இத்துறவியையே சான்றாகக் காட்டினர். அதற்கு முஸ்லிம் அறிஞர் விடை கண்ட முறை, வரலாறு பயில்வோர் அனைவரும் அறியத் தக்கது.

இக்குற்றச்சாட்டு பிற்காலத்தார் புதிதாகக் கண்டதன்று. நபிகள் நாயகம் மக்காவில் வாழ்ந்த நாளிலேயே அது எழுந்தது. அதனைத் திருக்குர்ஆனே பதிந்து வைத்துள்ளது. முன்னோர் கதைகளை இவர் எழுதுவித்துக்கொண்டார் என்று எதிரிகள் கூறியதை 25ஆம் அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்கள் குறிக்கின்றன. ஒரு மனிதனே இவருக்குக் கற்பிக்கிறான் என்னும் பேச்சை 16ஆம் அத்தியாயத்தின் 103ஆம் வசனம் எடுத்துக்காட்டி, அவர்கள் சுட்டும் மனிதனின் மொழி வேற்று மொழி, இதுவோ தெளிந்த அரபு என்று மறுக்கிறது. முதல் விடை, மொழியை அடிப்படையாகக் கொண்ட விடை.

அந்த மனிதன் யார்? நபிகளாரின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக், மர்வாக் குன்றருகே இருந்த ஜப்ர் என்னும் கிறித்தவ அடிமையைக் குறிப்பிடுகிறார். விரிவுரையாளர் தபரி (839-923) இன்னும் பல பெயர்களைத் தொகுத்துத் தருகிறார். ஸல்மான் பார்ஸியின் பெயரும் அவற்றுள் ஒன்று. ஆனால் ஸல்மான் நபிகளாரை அடைந்தது மதீனாவில். வசனமோ மக்காவில் அருளப்பட்டது. ஆகவே அப்பெயர் காலத்தோடு பொருந்தவில்லை. எதிரிகள் சுட்டிய பெயர்களை மறைத்துவிடாமல் ஏட்டில் எழுதிவைத்தனர் என்பது ஈண்டுக் கருதத் தக்கது.

இனிப் பஹீராவின் கதைக்கு வருவோம். 767ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னு இஸ்ஹாக் கூறுவது இது: அபூதாலிபின் வணிகக் கூட்டம் புஸ்றாவை அடைந்தது. சிறுவர் ஒருவர்மீது மேகம் நிழல் செய்வதையும், மரக்கிளைகள் தாழ்ந்து நிழல் தருவதையும் துறவி கண்டார். கூட்டத்தாரை விருந்துக்கு அழைத்தார். மூட்டைகளுக்குக் காவலாக விடப்பட்டிருந்த சிறுவரையும் வரவழைத்து, சில வினாக்கள் கேட்டு, அவர் தோள்களுக்கிடையே நபித்துவ முத்திரையைக் கண்டார். சிறுவரைக் காத்து ஊருக்கு அழைத்துச் செல்லுமாறு அபூதாலிபிடம் கூறினார். துறவி எதையேனும் கற்பித்தார் என்று இதில் ஒரு சொல்லும் இல்லை. வேதம் கற்ற ஒருவரே சான்று பகர்ந்தார் என்பதே இதன் பொருள்.

ஆனால் கிறித்தவர் தரப்பில் வேறொரு கதை வளர்ந்தது. உமையா ஆட்சியில் பணிபுரிந்த குடும்பத்தில் பிறந்த தமஸ்கு நகர யோவான், 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிரேக்கத்தில் எழுதிய நூலில், நபிகளார் ஆரியுசு கொள்கையுடைய துறவி ஒருவருடன் உரையாடியதாகக் கூறினார். அவர் அத்துறவிக்குப் பெயர் தரவில்லை. பிற்காலச் சிரிய மொழிக் கதைகளில் அவருக்குப் பெயர் கிடைத்தது. செர்கியுசு என்றும் பஹீரா என்றும் அழைத்தனர். முன்பு நபியை அடையாளங் கண்டவர் இப்போது நபிக்கு நூல் எழுதிக்கொடுத்த ஆசிரியராக மாறினார். அல்கிந்தி என்பவர் பெயரில் வழங்கிய அரபு வாத நூலும் இக்கருத்தைப் பரப்பியது. 12ஆம் நூற்றாண்டில் அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவுக்குச் சென்றது.

இந்நிலையில் முஸ்லிம் அறிஞர் என் செய்தனர்? கதையைக் காத்து நின்று வாதிடுவது ஒரு வழி. கதையே உண்மையா என்று ஆராய்வது மற்றொரு வழி. தமஸ்கு நகரில் வாழ்ந்த தஹபி (1274-1348) இரண்டாம் வழியைத் தேர்ந்தார். திர்மிதியின் ஹதீஸ் தொகுப்பில் வரும் இக்கதையின் ஒரு வடிவம், அபூபக்கர் பிலாலைத் துணைக்கு அனுப்பினார் என்று முடிகிறது. தஹபி கேட்டார்: அபூபக்கர் அப்போது எங்கே? அவர் பத்து வயதுச் சிறுவர் அல்லவா? பிலாலை அவர் விலைக்கு வாங்கியது நபித்துவத்திற்குப் பின்னர் அல்லவா? மேகம் நிழல் செய்திருந்தால் மரத்தின் நிழல் சாய்ந்தது எவ்வாறு தெரியும்? அபூதாலிபுக்கு நபிகளார் இதனைப் பின்னாளில் நினைவூட்டியதாகவோ, குறைஷியர் இதைப் பற்றிப் பேசியதாகவோ ஒரு செய்தியும் இல்லையே? இளமையிலேயே இதை அறிந்திருந்தால், ஹிரா குகையில் வானவர் தோன்றியபோது நபிகளார் அஞ்சியது ஏன்? தம் மக்கள் விரும்பும் கதையாயினும், சான்று தளர்ந்தால் தளர்ந்ததென்றே கூறிய நேர்மை இது.

மற்றொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. ஈசா நபி தொட்டிலில் கிடந்தபோதே பேசினார் என்று குர்ஆன் கூறுகிறது. எங்கள் நூல்களில் இல்லாத செய்தி இது என்று 9ஆம் நூற்றாண்டுக் கிறித்தவர் மறுத்தனர். பஸ்ராவைச் சேர்ந்த எழுத்தாளர் ஜாஹிழ், கிறித்தவருக்கு விடையாக எழுதிய நூலில் இதற்கு மறுமொழி கூறினார். சுவிசேடத்தை எழுதியவர் நால்வர். அந்நால்வரும் சொல்லாதது நிகழாதது என்று ஆகிவிடுமா என்பது அவர் வாதத்தின் போக்கு. 1697இல் ஈசா நபியின் குழந்தைப் பருவத்தைக் கூறும் அரபு நூலொன்றை ஐரோப்பியர் அச்சிட்டனர். திருச்சபை ஏற்றுக்கொள்ளாத அந்நூலின் தொடக்கத்திலேயே தொட்டிற் பேச்சு இருந்தது. உடனே குற்றச்சாட்டு திரும்பியது. முன்பு, எங்களிடம் இல்லாததைச் சொல்கிறீர் என்றனர். பின்பு, எங்களிடமிருந்து எடுத்ததைச் சொல்கிறீர் என்றனர்!

19ஆம் நூற்றாண்டில் இவ்வாதம் ஆராய்ச்சி உருவம் பெற்றது. 1833இல் ஆபிரகாம் கைகர் குர்ஆனில் யூத மரபுகளைத் தேடினார். 1905இல் கிளேர் டிஸ்டால், குர்ஆனின் மூலங்கள் எனத் தாம் கருதியவற்றைத் தொகுத்து ஆங்கில நூலாக வெளியிட்டார். வில்லியம் மூர் எழுதிய நபி வரலாற்றுக்கு விடை காண, சர் சையித் அகமது கான் 1869இல் இலண்டன் சென்றார்; மறு ஆண்டே தம் கட்டுரைகளை அங்கு வெளியிட்டார். ஷிப்லி நுஃமானி (1857-1914) உருது மொழியில் எழுதிய நபி வரலாற்றில், பஹீரா கதையின் அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொன்றாகச் சோதித்தார். அறிவித்தவர் எவரும் நிகழ்ச்சியில் உடனிருந்தவர் அல்லர் என்று காட்டினார். ஒரு விருந்து வேளையில் ஒரு சிறுவன் ஒரு சமயத்தின் நுட்பங்களையெல்லாம் கற்றுவிட இயலுமா என்றும் வினவினார்.

இவ்விடைகளால் ஆசிரியர் இருந்தார் என்னும் கதை தளர்ந்தது. எனினும் ஒப்புமை எஞ்சி நிற்கிறது. குகையில் உறங்கிய இளைஞரின் வரலாறு குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் உள்ளது. 521இல் மறைந்த செரூகு நகர யாக்கோபும் அதனைச் சிரிய மொழியில் பாடியுள்ளார். இவ்வொப்புமையை முஸ்லிம் அறிஞர் மறுப்பதில்லை. முன்னைய வேதங்களை மெய்ப்பிக்க வந்ததாகக் குர்ஆன் தன்னைக் கூறிக்கொள்கிறது. ஆதலின், ஒரே இறைவனிடமிருந்து வந்தவை ஒத்திருத்தல் இயல்பே என்பது அவர் விடை. இது நம்பிக்கையின் விடை. வரலாற்றின் அளவுகோல் வேறு; ஆயினும் அதுவும் பழைய குற்றச்சாட்டை அப்படியே ஏற்கவில்லை. ஆண்டு குறிக்கப்பெற்ற அரபுச் சுவிசேட ஏடுகளுள் மிகப் பழையது 859ஆம் ஆண்டினது. ஆகவே நூல்களைப் பார்த்து எழுதினார் என்பதைவிட, அக்கதைகள் அரபு நாட்டில் வாய்மொழியாக உலவின என்பதே ஆய்வாளர் பலரின் இன்றைய கருத்து. உறங்கியவர் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் வாதிடுவதைக் குர்ஆனே சுட்டுகிறது. கேட்டவர்கள் முன்பே அறிந்திருந்த கதை அது.

ஒப்புமை வேறு, கடன் வேறு. ஒன்று மற்றொன்றைப் போல் இருக்கிறது என்பதனாலேயே ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று முடிவு கட்டலாகாது. யார் சொன்னார், எப்போது சொன்னார், அவர் அங்கிருந்தாரா என்று கேட்டல் வேண்டும். பிறர் கூற்றை இவ்வாறு கேட்பது எளிது. தஹபியும் ஷிப்லியும் தம்மவர் போற்றிய கதையையே இவ்வாறு கேட்டனர். சீறாவில் புகைறா கண்ட படலத்தைப் படிப்போர் அதன் கவியழகைச் சுவைக்கலாம். அக்கதையைத் தராசில் இட்டு நிறுத்த அறிஞரின் துணிவையும் உடன் நினைத்தல் நன்று.