இணைப்புக்கோடும் மறைந்த பன்மையும்

சிலாங்கூர் ஆற்றின் வடகரையில், கோலசிலாங்கூர் நகருக்கு எதிரே அமைந்த மீனவர் சிற்றூர் பாசிர் பெனம்பாங். 'பாசிர்' என்பது மணல். 'பெனம்பாங்' என்பது மக்களை ஆறு கடத்தும் தோணிக்காரர். மலாயில் அடைமொழி பின்னே நிற்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் முன்னே நிற்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் வாழ்ந்த தோட்டங்களில் பள்ளி அமைக்கப் பணித்தது. வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் தமிழ்ப்பள்ளிகள் இவ்வாறு பெருகின. இன்று தமிழ்ப்பள்ளி மாணவர் மும்மொழியும் கற்கின்றனர். அவர்கள் இடர்ப்படும் இடங்களுள் தொகைச்சொல் ஒன்று.

பத்தடி நீளக் கம்பை ஆங்கிலத்தார் 'டென்-ஃபூட்' கம்பு என்பர், 'டென்-ஃபீட்' என்னார். அங்குள்ளது ஒருமையன்று, தேய்ந்துபோன பன்மையே. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய அளவைத் தொடர்களில் 'ஃபோட்டா' என்னும் ஆறாம் வேற்றுமைப் பன்மை வந்தது. காலப்போக்கில் அதன் ஈற்றுயிர் மறைய, ஒருமை போன்ற வடிவம் எஞ்சிற்று.

தமிழரும் 'பத்தடிகள் கம்பு' என்பதில்லை. எண்ணே பன்மையை உணர்த்திவிடுவதால் 'கள்' விகுதி வேண்டப்படுவதில்லை. விகுதியின்றியே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும் அஃறிணைப் பெயர்களைத் தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்துக் காட்டுகின்றன. மலாயிலும் ஐந்து நூல்கள் 'லிமா புவா புக்கு' எனப்படும். எண் வாராதபோது மட்டுமே 'புக்கு-புக்கு' என இரட்டித்துப் பன்மை காட்டுவர். முன்னர் இவ்விரட்டிப்பை '2' என்னும் இலக்கத்தால் சுருக்கி எழுதினர். 1972 ஆகஸ்டு 16இல் அறிமுகமான புதிய எழுத்துமுறை இணைப்புக்கோட்டை நிலைநாட்டியது. ஆகவே, ஒரே கோடு மலாயில் பன்மையை ஆக்குகிறது. ஆங்கிலத்திலோ பன்மை நீங்கிய சொற்களைப் பிணைக்கிறது.

பொருள் மயக்கம் நீக்குவதும் அக்கோட்டின் பணியே. 'மேன் ஈட்டிங் ஃபிஷ்' என்றால் மீன் உண்ணும் மனிதன்; முதலிரு சொற்களுக்கிடையே கோடிட்டால் மனிதனை உண்ணும் மீன். தமிழில் இப்பணியை வல்லின ஒற்று ஆற்றுகிறது. 'கீரை கடை' என்பது ஏவல். 'கீரைக் கடை' என்பது கீரை விற்குமிடம். ஒற்றை விடுவது சிறு பிழையன்று, பொருளையே மாற்றிவிடும்.

'டென்-ஃபீட்' என எழுதும் மாணவனுக்குப் புதிய விதி தேவையில்லை. 'பத்தடிக் கம்பு' என்னும் அவன் தாய்மொழித் தொடரே வழிகாட்டும். பன்மை விகுதி எங்கே நீங்குகிறது, ஒற்று எங்கே பிணைக்கிறது என்று ஆசிரியர் அதில் சுட்டினால் போதும். பிறமொழி கற்கத் தமிழ் தடையாகும் என்போர்க்கு அவ்வகுப்பறையே விடை தரும்.