பெட்டிசத்திலிருந்து பேச்சுவரை: மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆங்கிலத் துணைவினைகளின் வரலாறு

இயலும், ஆகலாம், வேண்டும், இருக்கக்கூடும் என்ற கருத்துகளை ஆங்கிலம் ஒரு சிறு துணைவினைக் கூட்டத்தைக் கொண்டு உணர்த்துகிறது. கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட் என்பன அக்கூட்டத்தின் உறுப்புகள். ஹேவ் டு, நீட் டு, ஓட் டு, ஹேட் பெட்டர், பி ஏபிள் டு முதலிய தொடர்கள் அவற்றுக்குத் துணைநிற்கின்றன. பேசுபவர் கட்டளையிடுகிறாரா, கேட்கிறாரா, ஊகிக்கிறாரா என்பதைக் காட்டுபவை இவையே. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்த பெரியகல்லாறும் அதன் அயலூர்களும் இச்சொற்களோடு இரு நூற்றாண்டுப் பழக்கம் கொண்டவை. இச்சொற்கள் இக்கரைக்கு முதலில் ஆட்சியின் மொழியாக வந்தன. பிறகு பரீட்சைப் பாடமாயின. அன்றாடப் பேச்சுக்குரியவையாகக் கற்பிக்கப்பட்டது கடைசியில்தான்.

ஆங்கிலத்திலேயே இச்சொற்கள் தொடக்கத்தில் முழு வினைகளாக இருந்தன. ஷல் என்பதன் பழைய வடிவம் கடன்பட்டிருத்தலையும், கேன் அறிந்திருத்தலையும், மே வலிமை உடைமையையும், வில் விரும்புதலையும் குறித்தன. காலப்போக்கில் அவை தனிப்பொருளை இழந்து வேறொரு வினையைச் சார்ந்து நிற்கும் சொற்களாயின. 16ஆம் நூற்றாண்டளவில் இம்மாற்றம் பெரும்பாலும் நிறைவுற்றிருந்தது. 1653இல் ஜோன் வாலிஸ் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணம், தன்மையிடத்தில் ஷல் வருங்காலத்தைக் குறிக்கும், முன்னிலையிலும் படர்க்கையிலும் அது வாக்குறுதியோ அச்சுறுத்தலோ ஆகும் என்று விதித்தது. 1795இல் வெளிவந்த லின்ட்லி மரேயின் இலக்கணம் இவ்வகை விதிகளை ஆங்கிலம் கற்பித்த நாடுகளின் வகுப்பறைகளுக்குக் கொண்டுசென்றது.

மட்டக்களப்பில் ஆங்கிலக் கல்வி 1814இல் தொடங்கியது. அவ்வாண்டு இலங்கையில் வந்திறங்கிய வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிகளுள் ஒருவரான வில்லியம் ஓல்ட் இங்கு வந்து பாடசாலைகளை ஆரம்பித்தார். 1815 ஏப்ரலில் அவர் இறந்தபோதும் பணி நிற்கவில்லை. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்றே கணக்கிடுகிறது. பின்னர் 1873இல் கத்தோலிக்கரின் முயற்சியால் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது.

1833இல் நடைமுறைக்கு வந்த கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்கள் ஆங்கிலத்தை அரச உத்தியோகத்தின் வாசலாக்கின. கச்சேரி, நீதிமன்றம், சுங்கம் ஆகியவற்றில் எழுதுவினைஞராகச் சேர ஆங்கிலம் தேவைப்பட்டது. அங்கு ஆண்ட துணைவினைகள் இரண்டு. கட்டளைச் சட்டங்களில் ஷல் குடிமகனின் கடமையைச் சொன்னது. மே அதிகாரியின் விருப்புரிமையைச் சொன்னது. குடிமக்கள் அனுப்பிய பெட்டிசங்கள் என்ற மனுக்களிலும் மே இடம்பெற்றது, ஆனால் அங்கு அது வேண்டுதலின் சொல்லாக இருந்தது. காணி, வரி, உத்தியோகம் என எதற்கு எழுதினாலும் துரை அவர்கள் மனம்வைத்து அருள வேண்டும் என்ற பொருள்படும் வாய்பாட்டோடு பெட்டிசம் முடியும். பெட்டிசம் எழுதுவோரிடம் பணம் கொடுத்து எழுதுவித்த கிராமத்தவருக்கு அந்த வாய்பாட்டின் பலன் தெரியும். அதன் இலக்கணம் தெரியாது.

பாடசாலை ஆங்கிலம் அந்த இலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்தது. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பெரியகல்லாற்றுக்குத் தெற்கேயுள்ள கல்முனையின் மெதடிஸ்தப் பாடசாலையிலும், பிறகு புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலம் பயின்று கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. அக்காலத்தில் பரவலாயிருந்த முறை மொழிபெயர்ப்பு முறை. கேன் என்றால் முடியும், மே என்றால் செய்யலாம், மஸ்ட் என்றால் வேண்டும் என்று சோடி சேர்த்து மனனம் செய்வது அதன் வழக்கம்.

அந்தச் சோடிகள் வாசிப்புக்கு உதவின, பேச்சுக்குப் போதவில்லை. தமிழில் வேண்டும் என்ற ஒரே சொல் விருப்பத்தையும் கட்டாயத்தையும் சுமக்கிறது: தண்ணி வேணும், நான் போக வேணும். ஆங்கிலம் அவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்களைக் கேட்கிறது. எதிர்மறையில் சிக்கல் மேலும் கூடுகிறது. ஹேவ் டு, மஸ்ட் இரண்டும் உடன்பாட்டில் ஏறத்தாழ ஒரே கட்டாயத்தைச் சொல்கின்றன. எதிர்மறையிலோ முன்னது போகத் தேவையில்லை என்றும், பின்னது போகக் கூடாது என்றும் பிரிகின்றன. தமிழிலும் இதுபோன்ற பிரிவு உண்டு: வரக்கூடும் என்பது ஊகம், வரக்கூடாது என்பது தடை. வாவிக்கரைப் பேச்சில் ஏலுமா என்று கேட்பது ஆற்றலைப் பற்றிய கேள்வியாகவும் உதவி கேட்பதாகவும் அமைவதுபோல, கேன் யூ என்ற ஆங்கிலக் கேள்வியும் இரு வேலை செய்கிறது. அதைக் குட் யூ என்று மாற்றினால் பணிவு கூடுகிறது. இறந்தகால வடிவம் இங்கு காலத்தைக் காட்டாமல் மரியாதையைக் காட்டுகிறது. தமிழர் இம்மரியாதையைத் தருவீங்களா என்ற விகுதியிலும் உறவுமுறைச் சொல்லிலும் வைப்பதால், ஆங்கிலத்தில் அது துணைவினையில் இருப்பதைத் தனியாகக் கற்கவேண்டியிருந்தது. சோடிப் பட்டியல் அதைக் கற்பிக்கவில்லை.

1945இல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி கல்விமொழியாயிற்று. கிராமத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்த பெரும் மாற்றம் அது. அதோடு ஆங்கிலம் படிப்படியாகக் கல்விமொழி என்ற நிலையிலிருந்து ஒரு பாடம் என்ற நிலைக்கு வந்தது. 1956இன் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. தமிழரின் நெடிய போராட்டத்துக்கு அது காரணமாயிற்று. 1987இல் அரசியலமைப்புக்கான 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஏற்றது. இந்த ஏற்பாடுகளின் ஆங்கில வாசகங்கள் ஷல் என்ற சொல்லில்தான் தங்கியிருக்கின்றன. இலங்கையின் சட்டத் தமிழ் அச்சொல்லை 'ஆதல் வேண்டும்' என்று தருகிறது. ஒரு துணைவினையில் ஒரு மக்களின் உரிமை தங்கியிருந்ததை இத்தீவின் தமிழர் வாழ்ந்து அறிந்தனர்.

இதற்கிடையில் ஆங்கிலமே மாறிக்கொண்டிருந்தது. மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 1961ஐயும் 1991ஐயும் சேர்ந்த பிரித்தானிய எழுத்துத் தொகுப்புகளை ஒப்பிட்டு, முதன்மைத் துணைவினைகளின் பயன்பாடு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததைக் காட்டினார். ஷல் 40 விழுக்காட்டுக்கும் மேலாகவும், மஸ்ட் 30 விழுக்காட்டை நெருங்கியும் சரிந்தன. நீட் டு பன்மடங்கு பெருகியது. கட்டளைத் தொனி குன்றி, தேவையைச் சொல்லி இணங்கவைக்கும் தொனி வளர்ந்ததை இது காட்டுகிறது. குடியேற்றக் கால இலக்கணம் முன்னிறுத்திய சொற்களே அதிகம் தேய்ந்தன.

இலங்கையில் 2001இல் உயர்தர வகுப்புகளில் ஆங்கிலமொழி மூலக் கல்விக்கு மீண்டும் இடம் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்தபின் பன்னாட்டு நிறுவனங்கள் மட்டக்களப்பில் வந்து பணிபுரிந்தன. நிவாரணக் கூட்டங்களிலும் நேர்முகத் தேர்வுகளிலும் தேவைப்பட்டது பேச்சு ஆங்கிலம்: உதவி கேட்பது, யோசனை சொல்வது, மறுப்பைப் பணிவாகத் தெரிவிப்பது. 2009ஐ அரசு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்து, ஆங்கிலத்தை வாழ்க்கைத் திறனாகக் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கான ஆசிரியர் பயிற்றுநர்கள் ஹைதராபாத்தில் பயிற்சி பெற்றனர்.

இத்திட்டம் முன்வைத்த மாற்றம் துணைவினைகளுக்கு மிகவும் பொருந்தும். பேருந்தில் இடம் கேட்பது, வைத்தியரிடம் நோயைச் சொல்வது, நண்பனை எச்சரிப்பது போன்ற சூழல்களே அவற்றின் பொருளை நிர்ணயிக்கின்றன. வுட் யூ மைண்ட் என்று கேட்கவும், யூ ஹேட் பெட்டர் என்பதில் உள்ள எச்சரிக்கையை உணரவும் பழகிய மாணவர், முன்னோர் பணம் கொடுத்து எழுதுவித்த மொழியைத் தம் வாயால் ஆளத் தொடங்குகிறார். இருநூறு ஆண்டுகளில் வாவிக்கரையின் ஆங்கிலக் கல்வி எட்டவேண்டியிருந்த இலக்கு இதுவே.