இளம் மருத்துவ ஆய்வாளர் வழிகாட்டல் (சிங்கப்பூர்)

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த மாணவர், பட்டம் முடித்து முதல் சில ஆண்டுகளில் இருப்பவர், வார்டு வேலையோடு ஆய்வையும் தொட்டுப் பார்க்கும் இளம் டாக்டர் ஆகியோரை மூத்த ஆய்வாளர் ஒருவர் தம் பொறுப்பில் ஏற்று வளர்க்கும் முறை. சிங்கப்பூரில் இது 2003இல் பயோபோலிஸ் என்ற உயிர்மருத்துவ ஆய்வு வளாகம் திறந்த பிறகு வந்த பழக்கம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியன்று. இதன் வேர் தேக்கா சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனையில் இருக்கிறது.

சொல்லும் வகையும்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவருக்கு அமைபவர் நெறியாளர். சிங்கப்பூரில் அந்த இடத்தில் இருப்பவர் சூப்பர்வைசர். ஆய்வகப் பேச்சில் 'பிஐ', அதாவது பிரின்சிபல் இன்வெஸ்டிகேட்டர். மென்டர் என்ற சொல் இவரைக் குறிக்கலாம், குறிக்காமலும் போகலாம். பிஐ மானியத்துக்குப் பொறுப்பாளர். மாணவரின் மேசை, எலிக்கூண்டு, குளிர்பெட்டியில் இருக்கும் வேதிப்பொருள் எல்லாம் அவர் பெயரில் வந்த பணம். மானியம் வாங்கத் தெரிந்தவருக்கு ஆள் வளர்க்கவும் தெரிந்திருக்கும் என்று கட்டாயமில்லை. அதனால்தான் ஆய்வேட்டு ஆலோசனைக் குழு என்ற இரண்டாவது வகை ஏற்பட்டது. வேறு ஆய்வகங்களைச் சேர்ந்த ஆசிரியர்கள் அவ்வப்போது கூடி மாணவரின் வேலையைப் பார்ப்பார்கள். பிஐயோடு ஒத்துப்போகாதபோது மாணவர் போய் நிற்கக்கூடிய இடமும் அதுதான்.

மூன்றாவது வகையின் பெயர் எந்தப் படிவத்திலும் வராது: அடுத்த மேசை சீனியர். பைப்பெட்டின் பொத்தானுக்கு இரண்டு தட்டு உண்டு. உறிஞ்சும்போது முதல் தட்டு வரை, வெளியே விடும்போது இரண்டாவது தட்டு வரை அழுத்த வேண்டும். புதியவர் உறிஞ்சும்போதே இரண்டாவது தட்டு வரை போய்விடுவார். நுனியில் கூடுதல் திரவம் ஏறும், அளவு பிழைக்கும், மூன்று வாரச் சோதனை வீணாகும். "மெதுவா விடு, குமிழ் வருது பார்" என்று பக்கத்தில் நின்று சொல்பவர் பேராசிரியர் அல்லர். இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவர். நான்காவது வகையினர் கற்றுத்தருவதைவிடக் கதவு திறந்துவிடுபவர்கள். மாநாட்டில் பெயர் சொல்லி முன்னால் நிறுத்துவதும், பரிந்துரைக் கடிதத்தில் நான்கு வரி கூட எழுதுவதும் இவர்கள் வேலை. பின்வரும் வரலாற்றில் அதிகம் வருபவர்கள் இவர்களே.

தொடக்க காலம்

1904இல் தான் ஜியாக் கிம் தலைமையில் சீனரும் பிற ஆசியச் சமூகத்தாரும் மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தனர். 87,077 வெள்ளி திரட்டினர். 1905 ஜூலை 3 அன்று, சிப்பாய் லைன்ஸ் பகுதியில் பெண்கள் மனநல விடுதியாக இருந்த கட்டடத்தில் 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. பின்னாளில் அது ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி ஆயிற்று.

அரசுக்கு உதவி டாக்டர்கள் தேவைப்பட்டனர், பள்ளி கொடுத்தது. உள்ளூர்ப் பையன் ஒருவன் ஆய்வாளனாக வருவான் என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை. காலனி மருத்துவப் பணியின் உயர் பதவிகள் ஐரோப்பியருக்கு உரியவை. 1932இல் உள்ளூராருக்கென ஸ்ட்ரெய்ட்ஸ் மருத்துவப் பணி தனியாக அமைந்தபோதும் உச்சிப் படிகள் எட்டவில்லை. ஏணியே இல்லாத இடத்தில் ஏற்றிவிட யாரும் இருக்க முடியாது.

1929இல் அங்கு பட்டம் பெற்ற பெஞ்சமின் ஷியர்ஸ் இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு அவருக்கு உதவித்தொகை கிடைத்தது, போர் குறுக்கிட்டது. ஜப்பானியர் ஆட்சியில் ஐரோப்பிய டாக்டர்கள் சிறைக்குப் போனதால்தான் கண்டாங் கெர்பாவில் அவர் கைக்குப் பொறுப்பு வந்தது. போருக்குப் பின் லண்டன் போய்த் திரும்பியவர், 1950இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுத் துறைப் பேராசிரியரானார். 1971இல் சிங்கப்பூரின் அதிபரானார். அதிபராக இருந்ததைப் பற்றி எழுதியவர்கள் பலர். துறையில் அவருக்குக் கீழ் வளர்ந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

கண்டாங் கெர்பாவ்

மலாயில் கண்டாங் என்றால் கொட்டில், கெர்பாவ் என்றால் எருமை. லிட்டில் இந்தியாவில் மாட்டு வியாபாரம் நடந்த காலத்தின் மிச்சம் இந்தப் பெயர். பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இன்றும் உள்ளன. இங்கு 1924 அக்டோபர் 1 முதல் மகப்பேற்று மருத்துவமனை இயங்கியது. 1966இல் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. ஒரே ஆண்டில் ஒரே மருத்துவமனையில் அதிகப் பிரசவம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. நாளுக்கு நூற்றுக்கு மேல் பிரசவம் பார்க்கும் இடத்தில் ஆய்வுக் கேள்வியைத் தேடிப் போக வேண்டியதில்லை, அது கட்டிலில் வந்து படுத்திருக்கும்.

இதை நன்கு அறிந்தவர் ஷான் ரத்னம் எனப்பட்ட எஸ். எஸ். ரத்னம் (1928–2001). இலங்கையில் பிறந்து, 1960களில் சிங்கப்பூர் வந்து, 1970இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுத் துறைத் தலைவரானார். அடுத்த கால் நூற்றாண்டு அந்த நாற்காலியில் இருந்தார். 1983 மே 19 அன்று அவரும் இங் சூன் சாய் முதலிய இளையவர்களும் அடங்கிய குழுவின் முயற்சியில் கண்டாங் கெர்பாவில் ஒரு சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அது அறிவிக்கப்பட்டது.

இங்கே கல்கத்தாவைச் சொல்லாமல் போக முடியாது. 1978 அக்டோபரிலேயே டாக்டர் சுபாஷ் முகர்ஜி அங்கு அதைச் சாதித்திருந்தார். அரசுக் குழு நம்பவில்லை, வெளிநாடு போய்ச் சொல்ல அனுமதி இல்லை, சம்பந்தமில்லாத துறைக்கு இடமாற்றம். 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். டி. சி. ஆனந்த் குமார் அவருடைய குறிப்பேடுகளைப் படித்து, முதல் இடம் முகர்ஜிக்கே உரியது என்று 1997இல் எழுதிய பிறகுதான் பெயர் நிலைத்தது. இரு ஊர்களுக்கும் இடையிலான வேறுபாடு திறமையில் இல்லை. சிங்கப்பூர்க் குழுவுக்குத் தலைக்கு மேல் ஒரு பேராசிரியர் குடை பிடித்திருந்தார், முகர்ஜிக்கு யாரும் பிடிக்கவில்லை.

அந்தத் துறையில் பின்னர் சேர்ந்த ஆரிஃப் பொங்சோ இலங்கையில் படித்த கால்நடை மருத்துவர். எருமைக் கொட்டிலில் வளர்ந்த துறைக்குப் பொருத்தமான ஆள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் மனிதக் கருவைக் கையாளும் இடத்தில் கால்நடை மருத்துவரை அமர்த்தத் துறைத் தலைவருக்குத் துணிச்சல் வேண்டும். மனித முட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதை எடுத்து வைக்கும் கண்ணாடிக் குழாயைச் சுடரில் காட்டி, இளகும் கணத்தில் இழுத்து மயிரிழையாக்குவார்கள். கற்றுக்கொள்பவர் முதலில் எலிக் கருவில் பழகுவார், பல மாதம் கழித்தே மனிதக் கரு கைக்கு வரும். பார்த்துப் பார்த்து வரும் வேலை இது, படித்து வராது.

1994இல் மனிதக் கருமுளையிலிருந்து உள்செல் திரளைப் பிரித்து வளர்த்த கட்டுரை 'ஹியூமன் ரீப்ரொடக்‌ஷன்' இதழில் வந்தது. கருக் குருத்தணு ஆய்வின் முன்னோடி அது. பெயர் வரிசை: பொங்சோ, ஃபோங், இங், ரத்னம். மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் கையால் வேலை செய்தவர் முதலிலும் இடம் கொடுத்த மூத்தவர் கடைசியிலும் வருவது வழக்கம். ஆக, இந்த நான்கு பெயரே ஒரு வழிகாட்டல் வரலாறு. அந்தச் செல்கள் சில தலைமுறைகளுக்கு மேல் தாங்கவில்லை. நிலையான வரிசைகளை 1998இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் குழு உருவாக்கியது.

நோய்க்குறியியல்

பெயரொற்றுமையால் ரத்னத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவர் பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்னம் (1921–2018), இன்றைய அதிபர் தர்மனின் தந்தை. யாழ்ப்பாண வழியினர், சிங்கப்பூரில் பிறந்தவர். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவியவர். 1968 முதலான நாட்டின் புற்றுநோய்க் கணக்கு அதில் உள்ளது. மூக்குத்தொண்டைப் புற்று பற்றிய வகைப்பாட்டில் உலக சுகாதார நிறுவனம் அவரை நாடியது. நோய்க்குறியியலில் கற்பிக்கும் கருவி, பல கண்முனைகள் கொண்ட ஒரே நுண்நோக்கி. மூத்தவர் கண்ணாடித் தகட்டை நகர்த்துவார், இளையவர் அதே புள்ளியைத் தன் முனையில் பார்ப்பார், "இது என்ன?" என்ற கேள்வி வரும். பதில் தவறினால் மறைக்க இடமில்லை. தொண்ணூறு வயது தாண்டியும் சண்முகரத்னம் தகடு பார்ப்பதை விடவில்லை.

பிரென்னரும் பயோபோலிசும்

ஆய்வு வார்டிலிருந்து மூலக்கூறுக்கு நகர்ந்தது 1985இல், மூலக்கூறு, செல் உயிரியல் நிலையம் நிறுவப்பட்டபோது. அதற்கு யோசனை சொன்ன சிட்னி பிரென்னர் (2002 நோபெல்) சாகும்வரை சிங்கப்பூரோடு உறவு விடவில்லை. 2019 ஏப்ரல் 5 அன்று இங்கேயே இறந்தார். அவருடன் பி. வெங்கடேஷ் முதலியோர் செய்த பஃபர் மீன் மரபணுத் தொகுதி 2002இல் வெளியானது.

2000இல் உயிர்மருத்துவ முன்முயற்சி அறிவிக்கப்பட்டது. அரசின் அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் தலைவர் ஃபிலிப் இயோ, வெளிநாட்டு மேதைகளைத் 'திமிங்கலங்கள்' என்றும், உதவித்தொகையில் அனுப்பும் உள்ளூர்ப் பிள்ளைகளைக் 'கப்பி மீன்கள்' என்றும் அழைத்தார். திமிங்கலம் நீந்தினால் கப்பியும் கற்கும் என்பது கணக்கு. ஒப்பந்தப்படி படிப்பு முடித்தோர் சில ஆண்டுகள் ஏ-ஸ்டாரில் வேலை பார்க்க வேண்டும். 2006–07இல் நரம்பியல் மருத்துவர் லீ வெய் லிங், இவ்வளவு பரந்த முதலீடு தேவையா, உள்ளூர் நோய்களில் ஊன்றினால் என்ன என்று கேட்டார். எதிர்ப்பு பெரிதாக வளரவில்லை. நீல் கோப்லண்ட், நான்சி ஜென்கின்ஸ் இணையர் போன்ற சில திமிங்கலங்கள் 2011 வாக்கில் திரும்பிப் போயின. கப்பிகள் பல தங்கி, இப்போது தாமே பிஐ ஆகிவிட்டன.

இன்றைய நிலை

டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி 2007இல் முதல் மாணவர்களை எடுத்தது. லீ காங் சியான் மருத்துவப் பள்ளி 2013இல். பின்னதன் தலைமையகம் நொவீனாவில், 1924இல் கட்டிய பழைய தாதியர் விடுதியில் உள்ளது. 2008 முதல் வழங்கப்படும் தேசிய மருத்துவச் சிறப்பு விருதுகளில் சிறந்த வழிகாட்டிக்கும் தனி விருது உண்டு. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1997இல் புக்கிட் தீமா சாலையின் மறுபக்கம் இடம் மாறியது; பழைய கட்டடத்தில் தரைப் போக்குவரத்து ஆணையம் இயங்குகிறது.