எழுதத் தொடங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி



நாம் வாழும் ஆதிச்சநல்லூரின் பறம்பை 1876-ஆம் ஆண்டில் பெர்லினைச் சேர்ந்த யாகோர் முதன்முதலாக அகழ்ந்தார். பின்னர் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீ அப்பணியைத் தொடர்ந்தார். முதுமக்கள் தாழிகள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள், பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் எனப் பலவும் வெளிப்பட்டன. ஆனால் அத்தாழிகளில் அடக்கம் செய்யப்பட்டவர்களுள் ஒருவருடைய பெயரும் நம்மை வந்தடையவில்லை. அவர்கள் புழங்கிய பொருளை நாம் அறிவோம். அவர்கள் பேசிய சொல்லை அறியோம்.

மதரஸாவில் இருபது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வந்தும், ஒரு பக்கமேனும் நாம் எழுதியதில்லை. நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் மறைந்தபோதுதான் அக்குறை உறைத்தது. அவர் நாவிலிருந்து கேட்டவற்றில் பாதி நம் நினைவிலும் இல்லை. எங்கும் எழுத்திலும் இல்லை. எனவே தொழுகையின் ஒழுக்கங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, மாணவர் ஒருவரின் தாயாரிடம் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து அவர் தயங்கியபடியே திருப்பிக் கொடுத்தார்.

"உஸ்தாத், தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசினா விளங்குது. இதுல பாதி விளங்கல."

அவர் சொன்னது உண்மை. அந்தப் பக்கத்தை நாம் அவருக்காக எழுதவில்லை. நம்மைப் போன்ற ஆலிம்கள் படித்து மெச்ச வேண்டும் என்பதற்காகவே எழுதியிருந்தோம். நிய்யத்து அங்கேயே பிழைத்துவிட்டது. நம் முன்னோர் எப்படி எழுதினார்கள் என்று தேடிப் பார்த்தது அதன் பிறகுதான்.

அதற்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் ஊரைத் தொட்டுச் செல்லும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அதற்குத் தெற்கே இருப்பது காயல்பட்டினம். 1816-இல் அவ்வூரில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து பணியாற்றியவர் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்). அரபியில் ஆழ்ந்த புலமை பெற்ற அவர், 'மகானி', 'ஃபத்ஹுத் தய்யான்' ஆகிய மார்க்க நூல்களை அரபுத் தமிழில் எழுதினார். மொழி தமிழ்; எழுத்து அரபு.

தமிழின் ப, ட, ள, ழ, ற முதலிய ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. எ, ஒ என்னும் உயிர்களுக்குக் குறியும் இல்லை. ஆகவே இருக்கும் அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டியும், குறிகளை மாற்றியும் அவ்வொலிகளுக்கு வடிவம் தந்தனர். இவ்வளவு சிரமம் எதற்காக? அக்காலத்தில் நம் பெண்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் சென்று தமிழ் எழுத்து கற்றதில்லை. ஆனால் குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தை வீட்டிலேயே கற்றிருந்தனர். அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில், அவர்கள் பேசும் மொழியில் மார்க்கச் சட்டம் வந்து சேர்ந்தது. அடுப்படியில் இருந்த உம்மும்மாவும் படிக்கக்கூடிய நூலாயிற்று அது.

இக்கரையிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வணிகம் செய்யச் சென்றவர் பலர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களும் அங்குச் சென்று பணியாற்றியவரே. அந்நாட்டின் கண்டி நகரில் 1838-இல் பிறந்தவர் அறிஞர் சித்தி லெப்பை. சட்டத் தொழிலில் இருந்த அவர், 1882 டிசம்பர் 21 அன்று 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

ஆங்கிலக் கல்வி மார்க்கத்திற்குக் கேடு என்று பலர் அஞ்சிய காலம் அது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று அவர் இதழில் வாதாடினார். கட்டுரையை மட்டும் நம்பியிராமல், 1885-இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்னும் நாவலையும் வெளியிட்டார். தமிழில் நாவல் என்னும் வடிவம் பிறந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த வேளை அது. கட்டுரையைப் புரட்டாத இளைஞரும் கதையைப் படிப்பார் அல்லவா? 1892-இல் வாப்பிச்சி மரைக்காருடன் சேர்ந்து அவர் பாடுபட்டதன் பயனாகக் கொழும்பில் தோன்றிய மதரஸா, பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை.

ஒருவர் அரபு எழுத்தைத் தேர்ந்தார். மற்றவர் தமிழ் அச்செழுத்தைத் தேர்ந்தார். வழிகள் வேறு. ஆயினும் இருவரும் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே: இதைப் படிக்கப் போகிறவர் யார்? தம் புலமையைக் காட்டும் ஆசை இருந்திருந்தால், முன்னவர் அரபியிலும் பின்னவர் ஆங்கிலத்திலும் மட்டுமே எழுதியிருக்கலாம். இருவரும் 1898-ஆம் ஆண்டிலேயே இறையடி சேர்ந்தனர். அல்லாஹ் இருவர் மீதும் அருள்புரிவானாக.

இன்று அரபுத் தமிழ் நூலைத் தடையின்றிப் படிப்போர் அருகிவிட்டனர். அதற்காக வருந்துகிறோம்; ஆனால் அவ்வெழுத்து செய்த பணியைத் தொடரும் கடமை நமக்கு உண்டு. முதல் வஹீயிலேயே எழுதுகோலைக் குறிப்பிட்ட மார்க்கம் நம்முடையது. கற்ற கல்வி ஓர் அமானத். சேர வேண்டியவரிடம் அதைச் சேர்த்தாக வேண்டும்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினோம். அரபுச் சொல் வருமிடத்தில் அதன் பொருளையும் சேர்த்தோம். நீண்ட வாக்கியங்களை வெட்டினோம். மூன்றாம் முறை எழுதிக் கொடுத்ததை அத்தாயார் இன்னும் திருப்பித் தரவில்லை. அண்டை வீட்டாரிடம் இருக்கிறதாம். அல்ஹம்துலில்லாஹ்.

எழுத எண்ணித் தயங்கி நிற்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டு முதியோர் சொன்னதில் ஒன்றை இந்த வாரமே எழுதிவையுங்கள். எழுதியதை முதலில் உங்கள் உம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். எங்களுக்காகவும் துஆச் செய்யுங்கள்.