வேருக்கு ஒரு செவிலித்தாய்



பால்மரத் தோட்டத்தில் வேலை செய்பவருக்குப் பூஞ்சணம் என்றாலே பகைதான். வெள்ளை வேர் நோய் கண்ட மரத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேரின்மேல் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருக்கும். இலை பழுக்கும், மரம் சாயும், நோய் அடுத்த மரத்துக்கும் போகும். ஆகவே வேரில் பூஞ்சணம் கண்டால் "இந்த மரம் போயிற்று" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவின் தாவர அறிஞர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான் எண்ணினார்கள். அந்த எண்ணத்தை அசைத்தவர் யார் தெரியுமா? தாவர நோய்களையே ஆராய்ந்து வந்த ஒருவர்!

கதை ஓக் மரத்தடியில் தொடங்குகிறது. நம் நூல்கள் இம்மரத்தைக் கருவாலி என்று சொல்லும். ஐரோப்பியர் கப்பல் கட்டியதும், வீட்டுக்கு உத்தரம் போட்டதும், மதுவுக்குப் பீப்பாய் செய்ததும் இந்த மரத்தில்தான். தென் பிரான்சில் சில ஓக் மரங்களின் அடியில், மண்ணுக்குள்ளேயே, கருத்த உருளைக்கிழங்கு போல ஒன்று விளையும். அதன் பெயர் டிரஃபிள். அதுவும் ஒரு காளான்தான். ஆனால் மண்ணுக்கு வெளியே தலை காட்டாது. பன்றியை ஓட்டிக்கொண்டு போய், அது மோப்பம் பிடித்துக் கிளறும் இடத்தில் தோண்டி எடுப்பார்கள். செல்வர் வீட்டு விருந்துக்குப் போகும் பொருள், நல்ல விலை. ஆனால் அதைப் பயிரிடும் வழி மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

1810-ஐ ஒட்டி வோக்லூஸ் வட்டாரத்தில் ஜோசப் தலோன் என்ற குடியானவர் ஒரு காரியம் செய்தார். வேறொன்றும் சரியாக விளையாத கல்லாங்காட்டில் ஓக் கொட்டைகளை விதைத்தார். சில ஆண்டுகள் சென்றபின் அந்த இளமரங்களின் அடியிலேயே டிரஃபிள் கிடைத்தது. ஏன் கிடைத்தது? அவருக்குத் தெரியாது. மரத்தை நட்டால் காளான் வரும், அவ்வளவுதான் தெரியும். பிழைப்புக்கு அது போதுமே! 1847-இல் கார்ப்பந்திரா நகரின் டிரஃபிள் வணிகர் ரூசோ இதே முறையில் ஓக் விதைத்தார். 1855-இல் பாரிஸ் பொருட்காட்சியில் தம் விளைச்சலை வைத்தார். செய்தி ஊரெங்கும் பரவியது. பிறகு 1860-களில் தொடங்கி, பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை வேர்ப்பேன் என்ற பூச்சி அழித்தது. கொடி பட்டுப்போன நிலத்தைப் பார்த்துக் கலங்கி நின்ற குடும்பங்களில் பல, ஓக் நட்டுத்தான் தலையெடுத்தன.

பிரான்சுக்கு வரும் இந்த வருமானத்தைப் பிரஷ்ய அரசும் கவனித்தது. நம் காட்டிலும் ஓக் இருக்கிறதே, நாமும் டிரஃபிள் விளைவித்தால் என்ன? பெர்லின் வேளாண்மைக் கல்லூரிப் பேராசிரியர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்கிடம் இந்த வேலையை ஒப்படைத்தது. ஃபிராங்க் 1839-இல் பிறந்தவர். தாவர நோய்கள் பற்றி 1880-இல் பெரிய நூல் எழுதியவர்.

அவர் வேர்களைத் தோண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஓக் மரத்தின் உறிஞ்சுவேர் நுனிகளை எல்லாம் பூஞ்சணம் உறைபோல மூடியிருந்தது, விரலுக்குக் கையுறை போட்ட மாதிரி. டிரஃபிள் விளையாத இடத்திலும் அப்படியே. பீச், செஸ்ட்நட், ஹேசல் மரங்களிலும் அப்படியே. நோயாளி மரங்களா என்றால் இல்லை. தளதளவென்று நின்ற மரங்கள்! மண்ணுக்கும் வேருக்கும் நடுவே பூஞ்சணம் இருக்கிறது. ஆகவே மரம் குடிக்கும் நீரும் சத்தும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும் என்று அவர் கண்டார். 1885-இல் அதை வெளியிட்டார். இந்தக் கூட்டு உறுப்புக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். காளான், வேர் என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. பூஞ்சணத்தை மரத்துக்குப் பாலூட்டும் செவிலித்தாய்க்கு ஒப்பிட்டார்.

அரசு கேட்ட டிரஃபிளை அவரால் விளைவிக்க முடியவில்லை. வந்த காரியம் ஒன்று, நடந்த காரியம் வேறு. ஆனால் அவர் கண்டது டிரஃபிளைவிட விலை உயர்ந்தது என்றே நான் சொல்வேன்.

எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர்களில் ஒருவர் காட்டு மர நோய் ஆய்வின் முன்னோடியான ராபர்ட் ஹார்ட்டிக். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தேன்காளான் என்னும் பூஞ்சணம் வேர்வழி ஏறி மரத்தைக் கொல்வதை 1870-களில் எடுத்துக்காட்டியவர் அவர்தான். வேரில் பூஞ்சணம் கண்டால் அவர் மனம் எங்கே போகும்? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவருடைய தந்தை தியோடர் ஹார்ட்டிக் 1840-இலேயே பைன் வேர்த் திசுக்களின் இடுக்கில் ஓடும் வலையை விவரித்திருந்தார். அது பூஞ்சணம் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இன்றும் அதற்கு ஹார்ட்டிக் வலை என்றுதான் பெயர். மகன் எதிர்த்த கருத்துக்குத் தந்தையின் பெயரே சாட்சியாக நிற்கிறது!

ஃபிராங்க் சும்மா இருக்கவில்லை. பைன் விதைகளைக் காட்டு மண்ணில் ஒரு பங்கும், சூடாக்கிப் பூஞ்சணத்தைக் கொன்ற மண்ணில் ஒரு பங்கும் வளர்த்தார். சூடாக்கிய மண்ணில் கன்றுகள் நோஞ்சானாயின. 1892-இல் இதை எழுதினார். சூட்டினால் மண்ணே கெட்டிருக்கலாமே என்றனர் சிலர். வழக்குத் தீராமலே 1900-இல் அவர் காலமானார். 1920-களில் சுவீடன் நாட்டு எலியாஸ் மெலின், பூஞ்சணத்தையும் கன்றையும் தனித்தனியே வளர்த்துப் பிறகு சேர்த்து வைத்துக் கூட்டு உண்டாவதைக் காட்டினார். 1950-களில் அவரும் நில்சனும் கதிரியக்கப் பாஸ்பரசைப் பூஞ்சண நூலுக்குக் கொடுத்து, அது கன்றுக்குள் போய்ச் சேர்வதைக் கண்டார்கள்.

இப்போது கணக்கு தெளிவாகிவிட்டது. பூஞ்சண நூல் வேர்த்தூவியைவிட மிக மெல்லியது. வேர் நுழைய முடியாத மண் இடுக்கில் அது நுழையும். அங்கே ஒட்டிக் கிடக்கும் பாஸ்பரசையும் தழைச்சத்தையும் நீரையும் இழுத்து வந்து மரத்துக்குக் கொடுக்கும். கூலி? மரம் இலையில் சமைத்த சர்க்கரை. பூஞ்சணத்துக்குப் பச்சையம் இல்லை, சமைக்கத் தெரியாது. நூலைச் சுற்றி நுண்கிருமிகளும் கூடி வாழும்; அவற்றிலும் சில, மண்ணில் பூட்டிய சத்தைக் கரைத்துக் கொடுக்கும்.

தலோன் விதைத்த கொட்டைக்குள் டிரஃபிள் இருக்கவில்லை. அந்த வட்டாரத்து மண்ணில் இருந்தது. முளைத்த வேர் அதைச் சந்தித்தது. 1970-களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நாற்றங்காலிலேயே ஓக் வேரில் டிரஃபிளை ஏற்றிக் கன்றுகளை விற்பனைக்குத் தந்தார்கள்.

நம் கேமரன் மலைக் காடுகளிலும் ஓக் குடும்பத்து மரங்கள் உண்டு. மலாய் மொழியில் மெம்பெனிங் என்பார்கள். அவற்றின் வேரிலும், மெராந்தி மர வேரிலும் இதே உறைதான். பால்மர வேரில் இருப்பது வேறு வகை. வேருக்குள்ளேயே குடியிருக்கும், நுண்ணோக்கி இல்லாமல் தெரியாது.

ஃபிராங்கின் கைபட்ட இன்னொன்று நம் காலடியிலேயே இருக்கிறது. இளம் பால்மர நிரைகளுக்கு நடுவே தரையை மூடி வளரும் பயற்றுக்கொடி இனங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் வேரில் உள்ள முடிச்சுகளில் வாழும் கிருமிக்கு ரைசோபியம் என்று 1889-இல் பெயர் வைத்தவர் அவரே. அந்த முடிச்சுகளால்தான் கொடிக்குக் காற்றிலிருந்து தழைச்சத்து கிடைக்கிறது என்பதை அதற்குச் சற்று முன்பு காட்டியவர் ஹெல்ரீகல் என்ற மற்றொரு ஜெர்மானியர். கொடி ஒன்றை வேரோடு மெல்லப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.