ஜான் பிரவுன்: வரலாறும் சான்றுகளும்

1859ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்துச் சார்லஸ் டவுன் நகரில் ஜான் பிரவுன் தூக்கிலிடப்பட்டார். சிறைவாயிலில் கறுப்பினத் தாயொருத்தி ஏந்தி நின்ற குழந்தையை அவர் குனிந்து முத்தமிட்டுச் சென்றாரென, சில நாட்களுக்குள் நியூயார்க் செய்தித்தாளொன்று எழுதிற்று. விட்டியர் அதனைப் பாடினார். 1884இல் தாமஸ் ஹோவண்டன் ஓவியமாகத் தீட்டினார். மறையுரை ஆற்றுவோர்க்கு இதனினும் உகந்த காட்சி வேறொன்று கிட்டாது. ஆனால் அது நிகழவேயில்லை. அன்று தெருவெங்கும் படைவீரர் சூழ்ந்து நின்றனர். பொதுமக்கள் எவரும் அணுக விடப்படவில்லை.

எனினும் இக்கதை வெறும் கற்பனையன்று. நவம்பர் 29ஆம் நாள் தம் ஆதரவாளர் ஒருவரின் துணைவியார்க்கு எழுதிய மடலில், போலி மன்றாட்டு எதுவும் தம்மீது சொல்லப்படலாகாது என்றும், கிழிந்த உடையும் வெறுங்காலுமாய் வரும் அடிமைச் சிறாரும், அவர்களை அழைத்துவரும் நரைத்த தாயொருத்தியுமே தம்முடன் தூக்குமேடைக்கு வரவேண்டும் என்றும் பிரவுன் விரும்பினார். அடிமைமுறையை ஆதரித்த போதகர்களின் பணிவிடையை அவர் ஏற்க மறுத்திருந்தார். அவ்விருப்பமே முத்தக் கதைக்கு வித்தாயிற்று என நாம் கருதுகிறோம்.

இவரது வாழ்வை ஆராயப் புகுவோர் அடிதோறும் இத்தகைய சிக்கலையே எதிர்கொள்வர். அவரது இளமையைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி, 1857இல் ஒரு சிறுவனுக்கு அவரே எழுதிய மடலினின்று வருவது. தம் வயதொத்த அடிமைச் சிறுவன் இரும்புக் கரண்டிகளால் அடிக்கப்படுவதைப் பன்னிரண்டாம் வயதில் கண்டதாக அதில் கூறுகிறார். மடலைப் பெற்ற சிறுவனின் தந்தை, பிரவுனின் முயற்சிகளுக்குப் பொருளுதவி செய்த செல்வர். இதனால் அம்மடல் பொய்யென்று ஆகிவிடாது. ஆயினும் 45 ஆண்டுகளுக்குப்பின், ஒரு நோக்கத்துடன் எழுதப்பட்டதென்பதை மறத்தலாகாது.

1800இல் கனெக்டிகட் மாநிலத்து டாரிங்டனில் பிறந்த பிரவுன், கால்வினியப் பற்று மிக்க தோல் பதனிடுவோர் ஒருவரின் மகன். திருப்பணிக்கெனப் படிக்கத் தொடங்கி, கண்நோயால் படிப்பை நிறுத்தினார். தோல் தொழில், நிலவணிகம், கம்பளி வணிகம் யாவற்றிலும் இடருற்று 1842இல் கடனாளியென அறிவிக்கப்பட்டார். இருமுறை மணந்து இருபது மக்களைப் பெற்றார்.

ஒகையோவில் நடந்ததென அவருடைய மூத்த மகன் நினைவுகூரும் நிகழ்ச்சியொன்று உண்டு. எழுப்புதல் கூட்டங்களுக்கு வந்த கறுப்பினத்தாரைக் கோவிலின் பின்புறத்தில் தனியே அமர்த்தினர். மறுநாள் மாலை பிரவுன் அவர்களை அழைத்துவந்து தம் குடும்பத்தாரின் இருக்கையில் அமர்த்தினார்; தம் குடும்பத்தாரோடு அவர்களுடைய இடத்தில் போய் அமர்ந்தார். சபையின் மூப்பர்கள் வந்து கடிந்துகொண்டனர். பின்னர், நெடுநாள் சபைக்கு வராதிருந்தமையைக் காரணங்காட்டி அக்குடும்பத்தாரைச் சபையினின்று நீக்கினர். கோவிலில் இருக்கை வரிசை பற்றிய வழக்கு எத்தகையதென நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

1837 நவம்பரில் இல்லினாயின் ஆல்டன் நகரில், போதகரும் இதழாசிரியருமான எலைஜா லவ்ஜாய் கும்பலால் கொல்லப்பட்டார். அதையொட்டி ஹட்சனில் கூடிய மன்றாட்டுக் கூட்டத்தில், அடிமைமுறையை ஒழிக்கத் தம் வாழ்வை ஒப்படைப்பதாகப் பிரவுன் உறுதிபூண்டார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கக் கட்டளையிட்ட 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்க்க, 1851இல் ஸ்பிரிங்ஃபீல்டில் கறுப்பின ஆடவரும் பெண்டிரும் கொண்ட சங்கமொன்றை அமைத்து, அதற்குக் கீலேயாத்தியர் சங்கம் எனப் பெயரிட்டார். நியாயாதிபதிகள் 7ஆம் அதிகாரத்தில், அஞ்சுவோர் கீலேயாத் மலையினின்று திரும்பிப் போகலாமெனக் கிதியோன் அறிவித்ததை நினைவூட்டும் பெயர் அது.

இனி நாம் தவிர்க்கவியலாத பகுதிக்கு வருகிறோம். கான்சஸ் அடிமை மாநிலமாவதா, விடுதலை மாநிலமாவதா என்னும் போராட்டத்தில், 1856 மே 21 அன்று அடிமைமுறையின் ஆதரவாளர் லாரன்ஸ் நகரைச் சூறையாடினர். மூன்று நாட்களுக்குப்பின் இரவில், பாட்டவாட்டமி ஓடையருகே பிரவுனின் புதல்வர் நால்வரும் மருமகனும் உள்ளிட்ட சிறுகுழு ஐந்து ஆடவரை வீடுகளினின்று இழுத்துச்சென்று வாளால் வெட்டிக் கொன்றது. தலைமை தாங்கியவர் பிரவுனே. 1860இல் முதல் வரலாற்றை எழுதிய ரெட்பாத், அவர் அங்கு இல்லையென்றே எழுதினார். அன்பர் பலரும் நம்பினர். குழுவில் இருந்த டவுன்ஸ்லி என்பார் 1879இல் உண்மையை வெளியிட்டபோது அம்மறுப்பு தகர்ந்தது.

1910இல் வில்லார்ட் வெளியிட்ட பெருநூலுக்காக, எஞ்சியிருந்த மக்களையும் முதியோரையும் தேடிச்சென்று வாக்குமூலம் திரட்டியவர் காதரீன் மேயோ. ஆம், 1927இல் 'மதர் இந்தியா' எழுதிக் காந்தியடிகளின் கடுங்கண்டனத்திற்கு ஆளான அதே அம்மையார்தாம். அக்கொலையிரவில் உடனிருந்த மகன் சால்மனும் அவரிடம் சான்றுரைத்தார். இன்றும் அக்குறிப்புகளின்றி பிரவுனை ஆராய்தல் அரிது. ஒருவரது பிற்கால நூலைக் கொண்டு அவரது முற்காலத் திரட்டைத் தள்ளிவிடலாகாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

1859 அக்டோபர் 16 இரவில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி படைக்கலச் சாலையை 21 தோழருடன் கைப்பற்றிய கதை யாவரும் அறிந்தது. முதலில் உயிரிழந்தவர், தொடர்வண்டி நிலையத்தில் பணியாற்றிய ஹேவர்ட் ஷெப்பர்ட் என்னும் விடுதலைபெற்ற கறுப்பினத்தவர் என்பதைப் பலர் அறியார். 18ஆம் நாள் காலை ராபர்ட் லீயின் தலைமையில் வந்த கடற்படை வீரர் பிரவுனைப் பிடித்தனர். தோழர் பதின்மர் மாண்டனர். அவருள் இருவர் அவருடைய புதல்வர்.

அவர் பித்தரா? பித்தரென்போர் காட்டுவன, அவரது குடும்பத்தில் மனநோய் இருந்ததாக ஒகையோவில் உறவினரும் அயலாரும் அளித்த 19 உறுதிமொழிகள். அவை தூக்கினின்று காக்கும் நோக்குடன் திரட்டப்பட்டவை என்பதை அன்னோர் எண்ணவில்லை. வழக்குமன்றத்தில் பிரவுனே அவ்வாதத்தை மறுத்தார். நேரிற்கண்டு உரையாடிய ஆளுநர் வைஸும் அவரைப் பித்தரெனக் கருதவில்லை. பித்தர் என்றுவிட்டால், அவர் எழுப்பிய வினாவுக்கு நாம் விடையளிக்க வேண்டுவதில்லை, அவ்வளவே.

நவம்பர் 2ஆம் நாள் தீர்ப்புக்குமுன் ஆற்றிய உரையில், கட்டுண்டோரோடு கட்டுண்டோராய் அவர்களை நினைக்கப் பணிக்கும் எபிரெயர் 13:3ஐ அவர் சான்றாகக் காட்டினார். அவ்வுரை திருச்சபை வரலாற்று வகுப்புகளில் வாசிக்கத்தக்கது. அதனுடன், அவ்விரவில் கணவனையும் இரு மக்களையும் இழந்த மகாலா டாயில் என்னும் பெண்ணின் பெயரால் நவம்பர் 20ஆம் நாள் சிறைக்கு வந்த மடலையும் வாசித்தல் வேண்டும். எங்கள் அடிமைகளை விடுவிக்கவே இதனைச் செய்தீரென்று நீர் கூறவியலாது, எங்களிடம் அடிமை எவரும் இருந்ததில்லை என்கிறது அம்மடல். தாய் கெஞ்சியதால் உயிர்தப்பிய இளைய மகன் ஜான் இப்போது வளர்ந்துவிட்டான் என்றும், தூக்கிடும் நாளில் சார்லஸ் டவுனுக்கு வர அவன் பெரிதும் விரும்புகிறான் என்றும் அது தெரிவிக்கிறது.