ஐந்தும் ஐம்பதும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று பிள்ளையை அதட்டாத தகப்பனார் நம்மில் எத்தனை பேர்? கேள்விதான். ஆனால் பதிலை எதிர்பார்த்து யாரும் அதைக் கேட்பதில்லை. அமெரிக்காவில் ஒரு தம்பதி இதற்குப் பதில் தேடுவதிலேயே வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டார்கள்.

ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் இருந்த ஷெல்டன் குளூக்கும் அவர் மனைவி எலினாரும், பாஸ்டன் நகரத்தில் குற்றம் செய்து சீர்திருத்தப் பள்ளிக்குப் போன 500 பையன்களை ஆராய எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவனுக்கும் ஜோடியாக, அதே வயதும் அறிவும் உள்ள, அதே போன்ற ஏழைத் தெருவில் வளர்ந்த, குற்றம் செய்யாத ஒருவன். ஆக 1,000 பையன்கள். வீடு வீடாக ஏறி இறங்கி விசாரித்தார்கள்.

1950-ல் புத்தகம் வெளிவந்தது. ஏழ்மை இரு பக்கத்துக்கும் பொதுவாயிருந்தது. வேறுபாடு வீட்டுக்குள்ளே தெரிந்தது. இன்று அடி, நாளை கண்டும் காணாமை என்று நிலையில்லாத தகப்பன். பிள்ளை எங்கே போகிறான் என்று பாராத தாய். ஒட்டுதல் இல்லாத குடும்பம். குற்றம் செய்த பையன்களின் வீடுகளில் இவை மிகுதியாகக் காணப்பட்டன.

அத்தோடு நின்றார்களா? பிற்காலத்தில் கெடக்கூடியவனை ஆறு வயதிலேயே கண்டுகொள்ள ஓர் அட்டவணையும் போட்டார்கள்! நெற்றியில் எழுதுவது பிரம்மா ஒருவர் போதாதா?

1990-ல் காட்ஃப்ரெட்ஸன், ஹிர்ஷி என்ற இரு அறிஞர்களும் ஏறக்குறைய அதே வழியில் போனார்கள். தன்னடக்கம் என்பது பெற்றோர் கவனித்துக் கண்டிப்பதால் சிறு வயதிலேயே அமைவது. பிறகு ஒருவனுக்கும் மற்றவனுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் மாறாது என்றார்கள்.

இதற்கிடையில், குளூக் தம்பதியின் காகிதங்கள் ஹார்வர்டு நூல்நிலையத்தின் நிலவறையில், அட்டைப் பெட்டிகளில் உறங்கிக்கொண்டிருந்தன. 1980-களில் ஜான் லாப், ராபர்ட் சாம்ப்ஸன் என்ற இருவர் அவற்றைத் தட்டி எடுத்தார்கள். வீட்டைப் பற்றி அத்தம்பதி கண்டது பெரும்பாலும் சரியே என்று 1993-ல் எழுதினார்கள். ஆனால் அதோடு விடவில்லை. சீர்திருத்தப் பள்ளிக்குப் போன அந்தப் பையன்களில் 52 பேரை, எழுபதை எட்டிய கிழவர்களாகத் தேடிப் பிடித்துக் கதை கேட்டார்கள். அது 2003-ல் நூலாயிற்று.

எவ்வளவோ பேர் திருந்தியிருந்தார்கள்! ஒருவனை நல்ல மனைவி திருத்தினாள், ஒருவனை நிலையான வேலை, ஒருவனைப் பட்டாளம். ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்கள் வெவ்வேறு கரையில் இறங்கியிருந்தார்கள்.

ஐந்தில் வளைப்பது சுலபம். அது பெற்றோர் கடமை, தட்டிக் கழிக்கலாகாது. ஆனால் ஐம்பதிலும் சில வளையத்தான் செய்கின்றன. ஆகவே பிள்ளையைக் கண்டிப்போம். அந்தப் பழைய கேள்வியை மட்டும் தீர்ப்பாக அவன் தலையில் போடாமல் இருப்போம்.